சமூக வாழ்வும் விலங்குடலும்: ஓர் அறிவியற் கருத்தின் வரலாறு

1875 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பிரெடரிக் ஏங்கெல்ஸ், உருசியச் சிந்தனையாளரான பியோத்தர் லவ்ரோவுக்கு எழுதிய கடிதமொன்றில், டார்வினியத்தின் பெயராற் பேசுவோர் கையாளும் ஒரு முறைமையினைச் சுட்டிக் காட்டினார். எல்லோரும் எல்லோரையும் எதிர்த்து நிற்கும் போர் என்னும் ஹொப்ஸின் கருத்தும், முதலாளித்துவப் பொருளியலாளரின் போட்டிக் கோட்பாடும், மல்தூஸின் குடித்தொகைக் கோட்பாடும் முதலிற் சமூகத்திலிருந்து இயற்கைக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. பின்னர் அவையே இயற்கையிலிருந்து சமூகத்துக்கு மீளக் கொண்டுவரப்பட்டு, மனித சமூகத்தின் நித்திய விதிகளாக நிறுவப்பட்டுவிட்டன எனக் கூறப்படுகின்றன. ஏங்கெல்சின் வாதத்தின் சாரம் இதுவேயாகும்.

விலங்குகளின் சமூக வாழ்வு அவற்றின் உடற்றொழிற்பாட்டையும் நடத்தையையும் எவ்வாறு உருவாக்குகின்றது என்னும் வினாவின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம். இவ்வினா உயிரியலாளருக்குரியது, இலக்கிய ஆய்வாளர் இதனுட் புகுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். ஆனால், அவ்வியலின் வரலாற்றைப் புரட்டுமிடத்து அரசன், அரசி, அடிமை, சாதி, கொடுங்கோன்மை, அந்தப்புரம் முதலாய சொற்களே எங்கணும் எதிர்ப்படுகின்றன. சொற்கள் எங்கிருந்து வருகின்றன, எவருடைய நலனுக்காகப் பயணஞ் செய்கின்றன என்று கேட்பது எமது துறையின் பணியேயாகும். மேலும், சமூகத்திலே தாழ்த்தப்பட்டோர் தம் உடலின் குறைபாட்டினாலேயே தாழ்ந்தனர் என்னும் வாதம் இன்றும் வெவ்வேறு வடிவங்களில் உலவுகின்றது. அவ்வாதத்துக்கு விலங்குலகம் உண்மையிற் சான்று பகர்கின்றதா என்பதே இங்கு எமது அக்கறையாகும்.

1. தேன்கூட்டின் அரசனும் அரசியும்

தேன்கூட்டின் நடுவே வாழும் பெரிய தேனீயை அரிஸ்டோட்டிலின் காலந்தொட்டு ஐரோப்பியர் அரசன் என்றே பெரும்பாலும் கருதிவந்தனர். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலும் தேனீக்களுக்கு அரசனே உண்டு. அந்நாடகம் தோன்றிய காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவர் ஒரு பெண் என்பது மனங்கொள்ளத்தக்கது. கண்முன்னே அரசி ஆட்சி செய்தபோதும், கூட்டின் தலைமை ஆணுக்குரியது என்னும் கருத்து எளிதில் அகலவில்லை. 1609 இல் சார்ள்ஸ் பட்லர் தமது நூலிலே தேனீக்களின் ஆட்சி பெண்ணாட்சி என எழுதினார். அதே நூற்றாண்டில் ஒல்லாந்தரான சுவாமர்தாம் அத்தேனீயை அறுத்துப் பார்த்துச் சூலகத்தைக் கண்டார். அரசன் அரசியாயிற்று. எனினும், கூட்டை ஆளும் முடி அகலவில்லை. முட்டையிடும் பணியொன்றையே செய்யும் உயிரை ‘ஆள்பவள்’ எனக் கூறும் வழக்கு இன்றளவும் நிலைத்துள்ளது.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது ‘சாதி’ என்னும் சொல்லின் பயணமாகும். எறும்பு, கறையான், தேனீ ஆகியவற்றின் தொழிற்பிரிவினரைக் குறிக்கப் பூச்சியியலாளர் கையாளும் ஐரோப்பியச் சொல், போர்த்துக்கேயர் இந்தியச் சமூகப் பிரிவுகளைச் சுட்ட வழங்கிய சொல்லிலிருந்து வந்ததாகும். எமது பிரதேசத்தின் சமூகக் கொடுமையொன்று கடல் கடந்து சென்று, புற்றுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் புகுந்து, அறிவியற் சொல்லாக மீண்டு வந்துள்ளது. எறும்பிடத்தும் சாதியுண்டு, ஆகவே அது இயற்கை எனக் கூறுவோர், அச்சொல்லை எறும்பிடத்து வைத்தவன் மனிதனே என்பதை மறந்துவிடுகின்றனர்.

உண்மையில் தேன்கூடு இவர்களுக்கு எதிரான சான்றையே தருகின்றது. அரசியும் வேலைக்காரியும் ஒரே வகைக் கருவுற்ற முட்டையிலிருந்தே தோன்றுகின்றன. எல்லாக் குடம்பிகளும் முதற் சில நாட்கள் ஒரே வகை ஊட்டத்தைப் பெறுகின்றன. அதன் பின்னர் அரசியாக வளர்க்கப்படுவது மட்டும் செவிலித் தேனீக்கள் சுரக்கும் பாகினைத் தொடர்ந்து உண்கின்றது. இவ்வேறுபாட்டினால் ஒன்று பருத்த சூலகத்தோடு ஆண்டுக் கணக்கில் வாழ்கின்றது. மற்றொன்று மலடாகிக் கோடைகாலத்திற் சில கிழமைகளே வாழ்ந்து மடிகின்றது. 2008 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் குடம்பிகளிலே பரம்பரை அலகுகளின் மேற் குறியிடும் நொதியமொன்றின் தொழிற்பாட்டை ஒடுக்கியபோது, அவற்றிற் பெரும்பாலானவை அரசியின் உடலமைப்பையே பெற்றன. கூட்டிலே முதிர்ந்த தேனீக்களை அகற்றிவிட்டால், குஞ்சுகளைப் பேணிய இளந் தேனீக்கள் காலத்துக்கு முன்னரே தேன் சேகரிக்கப் பறக்கின்றன. அவற்றின் உடலில் ஓமோன் மட்டமும் அதற்கேற்ப மாறுகின்றது. ஆகவே, பிறப்பு ஒன்றாயிருக்க வளர்ப்பும் கூட்டின் தேவையும் உடலைப் பிரிக்கின்றன என்பதே தேன்கூடு கூறும் செய்தியாகும்.

2. சந்தையும் தைகாவும்

1862 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றிலே, தொழிற்பிரிவு, போட்டி, புதிய சந்தைகளின் திறப்பு ஆகியவற்றோடு கூடிய தமது ஆங்கிலச் சமூகத்தையே டார்வின் விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் கண்டுகொண்டமை வியப்புக்குரியது எனக் கார்ல் மார்க்ஸ் குறிப்பிட்டார். டார்வினின் கண்டுபிடிப்பை மார்க்ஸ் மறுத்தாரல்லர். இயற்கையின் வரலாற்றுத் தன்மையை நிறுவிய நூலென அதனைப் போற்றியவர் அவர். கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டே, அது கூறப்பட்ட மொழியின் சமூக வேரைக் காட்டிய அவ்வணுகுமுறை எமக்கு முன்மாதிரியாகும்.

1888 இல் தோமஸ் ஹக்ஸ்லி விலங்குலகத்தை உரோமரின் வாட்போர்க் களத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். அதற்கு மறுமொழி இலண்டனில் அஞ்ஞாதவாசஞ் செய்த உருசிய அராஜகவாதியான குரோபொத்கினிடமிருந்து வந்தது. இளமையிற் சைபீரியாவிலே இராணுவ அதிகாரியாயிருந்து நெடும்பயணங்கள் மேற்கொண்ட குரோபொத்கின், அக்கடுங்குளிரில் ஓரின விலங்குகளிடையே போரைக் காட்டிலும் ஒத்துழைப்பையே மிகுதியாகக் கண்டார். உருசிய விலங்கியலாளரான கெஸ்லர் 1880 இல் ஆற்றிய உரையொன்றும் அவரது சிந்தனையைத் தூண்டியது. 1890 முதல் அவர் எழுதிய கட்டுரைகள் 1902 இல் பரஸ்பர உதவி பற்றிய நூலாக வெளிவந்தன. நெரிசல் மிகுந்த தீவின் அறிவியலாளர் போட்டியையும், ஆளரவமற்ற தைகா நிலத்தின் அறிவியலாளர் உதவியையும் கண்டனர் எனலாம்.

எனினும், குரோபொத்கின் எமக்கு உவப்பான முடிபைக் கூறினார் என்பதற்காக அவரை வினாவின்றி ஏற்பது தகாது. இயற்கையிலே ஒத்துழைப்பு உண்டு, ஆகவே மனிதர் ஒத்துழைத்தல் இயல்பு என்னும் வாதமும் ஏங்கெல்ஸ் கண்டித்த அதே பாதையிற் செல்வதேயாகும். ஏற்றிச் செல்லும் பண்டம் மட்டுமே வேறு.

3. கோழி முற்றமும் குரங்குக் குன்றும்

நோர்வே நாட்டவரான ஷெல்தெரூப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர். எக்கோழி எக்கோழியைக் கொத்தும், எது கொத்துப்பட்டும் வாளாவிருக்கும் என்பதை நுணுகி ஆராய்ந்து, 1922 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்விலே ‘கொத்தும் ஒழுங்கு’ என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். முதற் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைக் கோழி எல்லாவற்றாலும் கொத்துப்படும். அவதானிப்பு துல்லியமானது. ஆனால் அவர் அதனோடு நின்றாரல்லர். கொடுங்கோன்மையே உலகின் அடிப்படைக் கருத்து என்னும் அளவுக்குச் சென்றார். அடைத்து வளர்க்கப்பட்ட கோழிகளின் முற்றத்திற் கண்டது உயிருலகம் அனைத்துக்கும் விதியாயிற்று. ஐரோப்பாவிற் சர்வாதிகாரிகள் எழுச்சிபெற்ற பத்தாண்டுகளில் இச்சொல் பரவியமை தற்செயலானதன்று.

இப்போக்கின் உச்சத்தை இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையின் ‘குரங்குக் குன்று’ காட்டுகின்றது. 1925 இல் ஏறத்தாழ 100 அடி நீளமும் 60 அடி அகலமும் கொண்ட செயற்கைப் பாறைக் குன்றொன்றில் நூறளவான ஹமத்ரியாஸ் பபூன்கள் விடப்பட்டன. எல்லாம் ஆண்களாயிருத்தல் வேண்டும் என்பது திட்டம்; தவறுதலாக ஆறு பெண்களும் சேர்ந்துவிட்டன. 1927 இல் மேலும் முப்பது பெண்கள் சேர்க்கப்பட்டன. பெண்களைக் கைப்பற்ற ஆண்கள் இடையறாது பொருதன. இருபுறமும் இழுபட்ட பெண்களே பெரிதும் மாண்டன. இறந்த 33 பெண்களில் 30 சண்டைகளில் உயிரிழந்தவை. பிணத்தைக்கூட விடாது ஆண்கள் இழுத்துத் திரிந்தன. பார்வையாளர் கண்டு மனங்குலைந்தனர். ஈற்றில் எஞ்சிய பெண்கள் அகற்றப்பட்டன.

இக்குன்றினை ஆராய்ந்த சொலி சக்கர்மன் 1932 இல் குரங்குகளினதும் வாலில்லாக் குரங்குகளினதும் சமூக வாழ்வு பற்றிய நூலை வெளியிட்டார். ஆண்டு முழுவதும் தொடரும் பாலுணர்ச்சியே குரங்கினச் சமூகத்தைப் பிணைக்கும் கயிறு என்பதும், வலிய ஆணின் மேலாண்மையே அதன் ஒழுங்கு என்பதும் அவரது முடிபுகள். ‘அந்தப்புரம்’, ‘மேலாண்மையாளர்’ போன்ற சொற்கள் அந்நூலிலே துறைச் சொற்களாயின. சக்கர்மன் பிற்போக்காளர் வட்டத்தைச் சேர்ந்தவரல்லர். ஜே. டி. பேர்னால், ஹால்டேன், ஹொக்பென், ஹைமன் லெவி ஆகிய இடதுசாரி அறிவியலாளர் கூடிய விருந்துக் கழகத்தை 1931 இல் தொடங்கியவர் அவரே. ஆகவே, இத்தவற்றை ஒரு தனிமனிதரின் அரசியற் சார்பால் விளக்கிவிட முடியாது. சிறைக்கூடத்தை இயற்கையென மயங்க வைத்தது, அக்கூடத்தைச் சுற்றியிருந்த காலத்தின் பொதுப் பார்வையாகும்.

குன்றிலே உண்மையில் நிகழ்ந்தது யாது? ஒருவரையொருவர் அறியாத வளர்ந்த விலங்குகள், உறவுப் பிணைப்பு எதுவுமின்றி, தப்பிச் செல்ல வழியற்ற இடத்தில், ஆண்கள் பன்மடங்கு மிகுந்த விகிதத்தில் அடைக்கப்பட்டன. சுவிற்சர்லாந்து ஆய்வாளரான ஹான்ஸ் கும்மர் 1960 ஆம் ஆண்டு தொடங்கி எதியோப்பியாவில் அதே இனத்தைக் காட்டிலே ஆராய்ந்தபோது வேறொரு சமூகத்தைக் கண்டார். ஓர் ஆணும் சில பெண்களும் கொண்ட சிறு குழுக்கள், அவை இணைந்த பெருங்குழுக்கள், இரவிற் பாறைமுகடுகளிலே ஒன்றுசேரும் பேரணிகள் எனப் பல படிகளில் அது அமைந்திருந்தது. ஆணின் ஆதிக்கம் அங்கும் உண்டு. பெண்ணைக் கழுத்திற் கடித்து அடக்கும் வழக்கமும் உண்டு. ஆனால், ஓராணோடு இணைந்த பெண்ணை அவ்வாணை அறிந்த மற்றைய ஆண்கள் பறிக்க முற்படுவதில்லை. குன்றின் கொலைக்களம் அவ்வினத்தின் இயல்பன்று. சமூகம் சிதைக்கப்பட்டதன் விளைவு என்பது தெளிவாயிற்று.

4. வயலுக்குத் திரும்புதல்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானிய ஆய்வாளர் புதிய முறையொன்றைக் கைக்கொண்டனர். குரங்குகள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கவனித்தனர். மேலைத்தேயத்தார் முதலில் இதனை அறிவியலுக்கு ஒவ்வாததென எள்ளினர். ஆனால், வரலாற்றைப் பதிவு செய்தோருக்கே வரலாறு புலப்பட்டது. 1953 இல் கோஷிமாத் தீவின் இளம் பெண்குரங்கொன்று வத்தாளங்கிழங்கை நீரிற் கழுவி உண்ணத் தொடங்கியதும், அப்பழக்கம் உறவினரிடையேயும் தோழரிடையேயும் பரவியதும் யாவரும் அறிந்ததே. 1958 இல் கவாமுராவும் கவாயும் வெளியிட்ட கட்டுரைகள் அதனினும் பெறுமதி வாய்ந்தவை. பெண்குரங்கின் தரம் அதன் உடல் வலிமையைப் பொறுத்ததன்று. தாயின் தரத்தைப் பொறுத்தது என அவை காட்டின. தாயும் உறவினரும் சண்டையிலே துணைநிற்பதனாலேயே மகள் தாய்க்கு அடுத்த இடத்தைப் பெறுகின்றாள்.

இங்கு ஒருவர், ‘தரம் பிறப்பால் வருவதென்று நீரே கூறிவிட்டீர்’ என மடக்கக்கூடும். இதற்குக் கழுதைப்புலிகள் விடை கூறுகின்றன. அவற்றிலும் குட்டி தாயின் தரத்துக்கு அடுத்த இடத்தையே பெறும். ஆனால், வேறொரு பெண்ணால் எடுத்து வளர்க்கப்பட்ட குட்டிகள் பெற்ற தாயினதன்றி வளர்த்த தாயின் தரத்துக்கு அடுத்த இடத்தையே பெற்றன எனக் கிழக்காபிரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. கையளிக்கப்படுவது குருதியன்று, பக்கபலமாகும்.

இவ்வரலாற்றில் எமது நாட்டுக்கும் இடமுண்டு. பொலன்னறுவையின் இடிபாடுகளுக்கிடையே வாழும் செங்குரங்குகளை வொல்ப்காங் டிட்டஸ் 1968 முதல் ஆராய்ந்து வந்துள்ளார். உலகின் மிக நீண்ட குரங்கின ஆய்வுகளுள் இது ஒன்றாகும். 1977 இல் அவர் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்து, சமூக நடத்தையே குடித்தொகையை ஒழுங்குபடுத்துகின்றது என்பதாகும். உணவு குன்றும்போது அக்குறைவு எல்லார்மீதும் ஒப்பப் பகிரப்படுவதில்லை. மேல்நிலையிலுள்ளவை அச்சுறுத்தலாலேயே கீழ்நிலையிலுள்ளவற்றை உணவிடத்திலிருந்து அகற்றிவிடுகின்றன. வாயிலிட்ட உணவைக்கூடப் பறிக்கின்றன. கீழ்நிலையிலுள்ளவை குறைந்த பயனுள்ள உணவைத் தேடி நெடுநேரம் அலைகின்றன. குட்டிகளும் இளம் பெண்குரங்குகளுமே முதலில் மடிகின்றன.

வரட்சி இயற்கையினது, பங்கீடு சமூகத்தினது. செங்குரங்குக் கூட்டத்திலேயே இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியுள்ளது. 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திலே மாண்டோர் உணவு இல்லாமையால் அன்றி, உணவைப் பெறும் உரிமையும் வலிமையும் இழந்தமையாலேயே மாண்டனர் என அமார்த்திய சென் 1981 இல் எழுதினார். குரங்குக் கூட்டமும் வங்காளமும் ஒன்றென நாம் கூறவில்லை. சந்தையும் களஞ்சியமும் அரசும் குரங்குகளிடம் இல்லை. ஆனால், பட்டினியால் மெலிந்த உடலைக் காட்டி ‘இயற்கையின் தீர்ப்பு’ என்பவர், தீர்ப்பு எங்கு எழுதப்பட்டதெனக் கூற வேண்டியவராகின்றார்.

5. தோலின் கீழே

இதுகாறும் நடத்தையை நோக்கினோம். சமூக உறவு உடலின் உள்ளே எவ்வாறு புகுகின்றது என்பது அடுத்த வினாவாகும். 1936 இல் ஹான்ஸ் செல்யே, பல்வேறு தாக்கங்களுக்கும் உடல் காட்டும் பொதுவான எதிர்வினையை விவரித்து, அதில் அதிரீனற் சுரப்பியின் பங்கினைக் காட்டினார். இருபதாண்டுகளின் பின்னர் ஜோன் கிறிஸ்டியன் அக்கருத்தை அமெரிக்காவின் ஜேம்ஸ் தீவிலே சோதித்தார். 1916 இல் அத்தீவில் விடப்பட்ட நான்கைந்து சிக்கா மான்கள் 1955 அளவில் ஏறத்தாழ முந்நூறாகப் பெருகியிருந்தன. 1958 இன் தொடக்கத்தில் அவற்றில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை திடீரென மடிந்தன. உணவுக்குக் குறைவில்லை, தொற்றுநோயும் காணப்படவில்லை. அதிரீனற் சுரப்பிகள் பெருத்திருந்தன. நெருக்கமே உடலை வருத்தியது எனக் கிறிஸ்டியன் முடிபு செய்தார்.

1962 இல் கல்ஹூன் எலிகளைக் கூண்டில் நெருக்கி வைத்து நிகழ்த்திய சோதனைகளை வெளியிட்டார்: தாய்கள் குட்டிகளைக் கைவிட்டன; சில எலிகள் பிறவற்றைத் தாக்கின; சில எல்லாவற்றினின்றும் ஒதுங்கின. அமெரிக்க நகரங்களின் வறிய குடியிருப்புகளிலே கிளர்ச்சிகள் வெடித்த காலம் அது. வேலையின்மை, நிறவெறி, வீட்டு வாடகை ஆகியவற்றைப் பேசாது, நெரிசலே குற்றத்தின் தாயெனக் கூற இவ்வெலிகள் வசதியாயின. ஏங்கெல்ஸ் காட்டிய செப்படி வித்தை மீண்டும் அரங்கேறியது.

உடலே தரத்தை நிர்ணயிக்கின்றதா, தரமே உடலை நிர்ணயிக்கின்றதா என்பதே இவ்வரலாற்றின் மையப் பிரச்சினையாகும். 1939 இல் சிக்காகோவின் டபிள்யூ. சி. அல்லீயும் துணைவரும், தாழ்ந்த கோழிகளுக்கு ஆண் ஓமோனை ஊசியேற்றியபோது அவை கொத்தும் ஒழுங்கிலே மேலேறியதைக் காட்டினர். உடலிலிருந்து தரத்துக்குச் செல்லும் பாதை இதனால் உறுதியாயிற்று. இப்பாதை மட்டுமே உண்டெனக் கொள்வோர் பலராயினர். ஆனால் எதிர்ப்பாதையும் உண்டு என்பது மெல்ல வெளிப்பட்டது. தங்கனீக்கா ஏரியின் மீனொன்றை ரசல் பெர்னால்ட் ஆராய்ந்தார். இடமொன்றைக் கைப்பற்றிய ஆண் மீன் சில நிமிடங்களிலேயே நிறம் மாறுகின்றது. பின்னர் அதன் மூளையில் இனப்பெருக்க ஓமோனைத் தூண்டும் நரம்புக் கலங்கள் பருக்கின்றன. இடத்தை இழந்தால் அவையே சுருங்குகின்றன. 1993 இல் வெளியான இவ்வாய்வு, மூளையின் கலமே சமூக நிலைக்கேற்ப வளர்ந்து தேய்வதைக் காட்டியது.

இதன் ஐயந்திரிபற்ற நிரூபணம் 2016 இல் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் 45 பெண் ரீசஸ் குரங்குகளை ஐவைந்தாக ஒன்பது குழுக்களிற் சேர்த்தனர். முதலில் விடப்பட்டது மேல்தரத்தையும் இறுதியில் விடப்பட்டது கீழ்த்தரத்தையும் பெற்றன. தரத்தை நிர்ணயித்தது வலிமையோ குலமோ அன்று. உள்ளே விடப்பட்ட வரிசையே. கீழே இருந்தவற்றின் நோயெதிர்ப்புக் கலங்களில் அழற்சியோடு தொடர்புடைய பரம்பரை அலகுகள் மிகுதியாகத் தொழிற்பட்டன. ஏறத்தாழ ஓராண்டின் பின் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டன. தரம் மாறியவற்றின் பரம்பரை அலகுகளின் தொழிற்பாடும் புதிய தரத்துக்கேற்ப மாறிற்று. நோயுற்றமையால் தாழ்ந்தனர் என்பதன்று. தாழ்த்தப்பட்டமையால் அவர்தம் உடல் மாறியது. தரம் மாற, உடலும் மீண்டது. பரம்பரை அலகை விதியென ஓதியோருக்கு அவ்வலகே மறுப்புரைத்தது எனலாம்.

ஆபிரிக்க வயல்களிலிருந்து வந்த சான்றும் இதனோடு சேர்த்து நோக்கப்பட வேண்டும். 1978 முதல் கென்யாவிலே பபூன்களை ஆராய்ந்த ரொபேர்ட் சபோல்ஸ்கி, நிலையான படிமுறையிற் கீழ்த்தர ஆண்களின் குருதியிலே நெருக்கீட்டு ஓமோன்கள் மிகுந்திருந்ததைக் கண்டார். படிமுறை குலைந்து இடத்துக்காகப் போராட்டம் நிகழ்ந்த காலங்களிலோ மேல்தரத்தவையே அவ்விலையைச் செலுத்தின. அம்போசெலியில் நிகழ்ந்து 2011 இல் வெளியான ஆய்வு, முதலாம் இடத்து ஆண் இரண்டாம் இடத்து ஆணைக் காட்டிலும் மிகுந்த நெருக்கீட்டுக்கு உள்ளாவதைக் காட்டியது. ஆகவே ‘கீழ்த்தரம் நோய், மேல்தரம் நலம்’ என்னும் எளிய வாய்பாடும் பொருந்தாது. எத்தகைய சமூகத்தில், எத்தகைய காலத்தில் அத்தரம் வகிக்கப்படுகின்றது என்பதே முடிபைத் தீர்மானிக்கின்றது.

சபோல்ஸ்கி ஆராய்ந்த கூட்டமொன்றில் எவரும் திட்டமிடாத நிகழ்ச்சியொன்று ஏற்பட்டது. அக்கூட்டத்தின் முரட்டு ஆண்கள் அயலிலிருந்த உல்லாசப் பயண விடுதியொன்றின் குப்பைமேட்டுக்கு நாள்தோறும் சென்று, அங்கிருந்த பிறிதொரு கூட்டத்தோடு பொருது உண்டுவந்தன. 1983 இல் நோயுற்ற இறைச்சியின் வழியே கசநோய் அங்கு பரவி அவையனைத்தும் மாண்டன. கூட்டத்தின் வளர்ந்த ஆண்களில் நூற்றுக்கு 46 வீதத்தினர் அழிந்தனர். எஞ்சியவை குப்பைமேட்டுக்குச் செல்லாத சாந்தமான ஆண்களும், பெண்களும் குட்டிகளும். படிமுறை முற்றாக மறையவில்லை. ஆனால் மேலிருந்தவை கீழிருந்தவற்றை வீணே துன்புறுத்துதல் அருகியது. ஒன்றையொன்று தடவிப் பேணுதல் பெருகியது. இனி வருவதே வியப்புக்குரியது. பபூன்களில் ஆண்கள் பருவமெய்தியதும் பிறந்த கூட்டத்தை விட்டு அகலும். 1993 அளவில் பழைய ஆண்கள் எவையும் அங்கிருக்கவில்லை. எல்லா ஆண்களும் வெளியிலிருந்து வந்தவையே. எனினும் அமைதியான நடைமுறை தொடர்ந்தது. புதிதாய் வந்தவற்றைப் பெண்கள் பிற கூட்டங்களிலும் விரைவாக ஏற்றுப் பேணின. வந்தவை அவ்வழக்கத்திற் படிந்தன. கீழ்த்தர ஆண்களின் உடலிலே வழமையான நெருக்கீட்டின் அறிகுறிகள் காணப்படவில்லை. 2004 இல் வெளியான இவ்வாய்வு, குரங்குக் குன்றின் கதைக்கு எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் கிடைத்த மறுமொழியாகும். ஆண் பபூனின் வன்மை மாறாத இயல்பெனப் பாடநூல்கள் கூறிய இனத்திலேயே, சமூக வழக்கம் மாற உடலும் மாறியது.

6. முடிபுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று படிநிலைகள் புலனாகின்றன. முதலாவது, மனித சமூகத்தின் ஒழுங்கை விலங்குகளிடத்து ஏற்றிக் கண்ட நிலை. இரண்டாவது, வயலாய்வுகளின் வழியே அவ்வொழுங்குகளுக்கும் வரலாறும் சூழலும் உண்டெனக் கண்ட நிலை. மூன்றாவது, அவ்வரலாறு சுரப்பியிலும் கலத்திலும் பதிவதைச் சோதனையாற் காட்டிய நிலை. உடலுக்கும் சமூகத்துக்குமிடையேயுள்ள உறவு ஒருவழிப் பாதையன்று, இயங்கியல் உறவாகும். ‘இயற்கையா, வளர்ப்பா’ என்னும் பழைய வினா இவ்வாறு தன் கூர்மையை இழந்துவிடுகின்றது.

இவ்விடத்து எமது மரபின் தவறொன்றையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. சூழலே பரம்பரையை விரும்பியவாறு மாற்றும் என்னும் லைசென்கோவின் கொள்கை 1948 இல் சோவியத் ஒன்றியத்தில் அதிகாரபூர்வமாக்கப்பட்டது. அதனை எதிர்த்த பரம்பரையியலாளர் பதவியிழந்தனர். அதற்கு முன்னரே, 1943 இல், நிக்கொலாய் வவிலோவ் சிறையில் மாண்டார். இயற்கை எமது பக்கம் நிற்க வேண்டுமென்னும் வேட்கை, இயற்கையைக் கவனிக்கும் கண்ணையே குருடாக்கியது. இன்று நாம் எடுத்துக்காட்டிய ஆய்வுகள் லைசென்கோவை மெய்ப்பிக்கவில்லை. பரம்பரை அலகுகள் மாறவில்லை; அவை தொழிற்படும் முறையே மாறிற்று. இவ்வேறுபாட்டை மயக்குதல் பழைய தவற்றை மீண்டும் புரிதலாகும்.

அவ்வாறெனின், பபூன் கூட்டம் அமைதி கற்றது என்பதால் மனிதரும் கற்பர் என முடிப்பதும் எமக்கு ஒவ்வாது. 1876 இல் எழுதப்பட்டு 1896 இல் வெளியான கட்டுரையொன்றிலே, மனிதனின் கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளும் ஆகும் என ஏங்கெல்ஸ் காட்டினார். மனிதர் தம் சமூகத்தைத் தாமே உற்பத்தி செய்பவர். அதனை அறிந்து மாற்றவும் வல்லவர். அவர்தம் விடுதலைக்குக் குரங்கின் நற்சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால், அவர்தம் அடிமைத்தனத்துக்குக் குரங்கைச் சாட்சிக்கு அழைப்போர் உளர். அச்சாட்சி பொய்யென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. குறுகிய உடலையும் மெலிந்த குழந்தையையும் காட்டி ‘இவர்கள் இயல்பு இதுவே’ என உரைப்போரிடம், அவ்வுடல் எத்தகைய உறவுகளினுள் வளர்ந்தது என நாம் திருப்பிக் கேட்கலாம். அவ்வாறு கேட்பதற்கு இப்பொழுது அறிவியலின் துணையும் உண்டு.